வெயிலில் வைத்தே வெள்ளரிக்காய் டில் ஊறுகாய் போட முடியுமா? கெட்டுப்போகாதா?

தாராளமாக முடியும். நான்கு கோடையாகப் போட்டு வருகிறேன். ஆனால் கேள்வியோடு சேர்த்து, "வெயில் கிருமிகளைக் கொன்றுவிடும்தானே?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதலில் அதைப் பேசிவிடுவோம். அந்த நம்பிக்கையோடு ஜாடியை வெயிலில் வைப்பவர்களுக்குத்தான் ஊறுகாய் கெட்டுப்போகிறது. எனக்கும் முதல் வருடம் அப்படித்தான் போனது.

கொல்லாது. புற ஊதாக் கதிரில் கிருமியைக் கொல்லும் பகுதியைக் கண்ணாடியே பெருமளவு தடுத்துவிடும். உள்ளே போய் வேலை செய்வது சூடு மட்டும்தான். அதோடு, கிருமிகள் எல்லாம் செத்துப்போனால் இந்த ஊறுகாயே கிடையாது. வெள்ளரித் தோலில் இயல்பாகவே லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் ஒட்டியிருக்கும். காயிலுள்ள சர்க்கரையைத் தின்று புளிப்பைத் தருபவை அவைதான். வினிகர் ஒரு சொட்டுகூட வேண்டாம். அந்தப் புளிப்பு ஏறும் வரை மற்ற கிருமிகளை அண்டவிடாமல் காப்பது உப்பு. வெயில் செய்வதெல்லாம் இந்த வேலையை அவசரப்படுத்துவதுதான். அறைக்குள், 21 முதல் 24 டிகிரி சூட்டில் 3 அல்லது 4 வாரம் எடுக்கும் காரியம் வெயிலில் 3 முதல் 5 நாளில் முடிந்துவிடும். ஹங்கேரியில் கோடைதோறும் இப்படித்தான் போடுகிறார்கள். 'கோவாஸோஷ் உபோர்க்கா' என்று அதற்குப் பெயர், புளித்த மாவு வெள்ளரி என்று பொருள். நான் பின்பற்றுவதும் அந்த முறையைத்தான்.

ஒரு கிலோ பிஞ்சு வெள்ளரி எடுத்துக்கொள்ளுங்கள். விரல் நீளத்துக்குச் சற்று அதிகம், கெட்டியாக, அன்றோ முந்தின நாளோ பறித்தது. முற்றிய காய் வேண்டாம். உள்ளே வெற்றிடம் விழுந்து மிதக்கும், மிதக்கும் காயில்தான் பூஞ்சை பிடிக்கும். நன்றாகக் கழுவி இரண்டு முனைகளையும் நறுக்கிவிடுங்கள். காம்பு முனை இருந்தாலும் பரவாயில்லை, பூ இருந்த முனையை மட்டும் மறக்கவே கூடாது. காயை இளக்கிவிடும் நொதிகள் அங்கேதான் தங்கியிருக்கும். பிறகு நெடுகவாட்டில் இரண்டு கீறல், காய் பிளந்துவிடாத ஆழத்துக்கு. நாள் குறைவு என்பதால் உப்பு உள்ளே இறங்க வழி வேண்டும்.

இரண்டு லிட்டர் கண்ணாடி ஜாடியின் அடியில் ஒரு கைப்பிடி டில், நான்கைந்து பூண்டுப் பல், கொஞ்சம் மிளகு. டில் என்பது வேறொன்றுமில்லை, சதகுப்பைதான். அதன் இலைக்கு ஒரு வாசம், விதைக்கு வேறொரு வாசம். ஊறுகாய்க்கு ஏற்றது இரண்டுக்கும் நடுவில், பூங்கொத்தில் விதை பிடிக்கத் தொடங்கியிருக்கும் பருவம். அது கிடைக்காவிட்டால் இலையோடு ஒரு தேக்கரண்டி விதை சேருங்கள். வெறும் இலை மட்டும் போட்டால் மணம் மேலோட்டமாகவே நிற்கிறது.

காய்களை நிற்க வைத்து இறுக்கமாக அடுக்குங்கள். மேலே இன்னும் கொஞ்சம் டில், அதன்மேல் ஒரு துண்டு ரொட்டி. ரொட்டியின் மாவுச்சத்து புளிப்பு சீக்கிரம் பிடிக்கக் கைகொடுக்கும்.

உப்புதான் இதில் உயிர்நாடி. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம். அளவுக் கரண்டியை நம்பாமல் தராசில் நிறுங்கள். கல்லுப்புக்கும் தூளுப்புக்கும் ஒரே கரண்டியில் எடை பெரிதும் மாறும். நாக்கில் வைத்துப் பார்த்தால் 'இவ்வளவு கரிப்பா?' என்று தோன்றும், குறைத்துவிடாதீர்கள். வெள்ளரியில் ஏறக்குறைய 95 சதவீதம் தண்ணீர். ஒரு கிலோ காயும் ஒரு லிட்டர் உப்புநீரும் நான்கு நாள் கூடவே கிடந்தால் உப்பு இரண்டுக்கும் பங்காகிவிடும். நீங்கள் போட்ட 5 சதவீதம் கடைசியில் இரண்டரைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். தண்ணீரைக் கொதிக்கவிட்டு, உப்பைக் கரைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் காய்கள் முழுக்க மூழ்கும்படி ஊற்றுங்கள். மேலே ஒரு சின்னத் தட்டை வைத்து அழுத்திவிட்டால் எதுவும் தலை தூக்காது. ஜாடியின் வாயை இறுக மூடக் கூடாது, துணி கட்டினாலோ சாஸர் கவிழ்த்தாலோ போதும். உள்ளே வாயு உண்டாகிக்கொண்டே இருக்கும், அது வெளியேற வேண்டும்.

இனி வெயில். முதல் வருடம் உச்சி வெயிலில் நாள் முழுக்க வைத்தேன். வெயில் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது என்று நினைத்திருந்தேன். இரண்டாம் நாள் மதியம் வெப்பமானியை விட்டுப் பார்த்தால் உப்புநீர் 41 டிகிரி. காய்கள் தொட்டால் குழைந்தன, மொத்தத்தையும் கொட்ட வேண்டியதாயிற்று. வெயிலில் நிற்கும் கண்ணாடி ஜாடிக்குள் சூடு வெளிக்காற்றைவிட ஏறிவிடுகிறது என்பது அன்றுதான் உறைத்தது. இப்போது 30 டிகிரியைத் தாண்டவிடுவதில்லை. காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம், பிறகு வெளிச்சமான நிழல், இரவில் வீட்டுக்குள். உங்கள் பகுதியில் வெயில் கடுமை என்றால் நேர் வெயிலே தேவைப்படாது, நிழலின் வெதுவெதுப்பே போதும்.

இரண்டாம் நாள் தண்ணீர் கலங்கும், குமிழி வரும். பயப்பட வேண்டாம், நீங்கள் காத்திருந்ததே அதற்குத்தான். பளிச்சென்ற பச்சை மங்கி ஆலிவ் நிறத்துக்கு மாறுவதும் இயல்பு, அமிலம் பட்டால் பச்சையம் அப்படித்தான் ஆகும். மேலே மெல்லிய வெள்ளை ஏடு படிந்தால் அது ஈஸ்ட், கரண்டியால் எடுத்துவிடலாம். நூல் நூலாக, பஞ்சு போல, நீலம், கறுப்பு, இளஞ்சிவப்பு என்று எது தெரிந்தாலும் முழு ஜாடியையும் கொட்டுங்கள். காய் வழவழத்தாலோ அழுகல் வாடை வந்தாலோ ருசி பார்க்கவே வேண்டாம். மூன்றாம் நாளிலிருந்து ஒரு காயை நறுக்கிப் பாருங்கள். நடுவிலும் வெள்ளை மறைந்து கண்ணாடி போலத் தெரிந்து, புளிப்பும் திருப்தியாக இருந்தால் தயார். அமிலத்தன்மை பார்க்கும் தாள் இருந்தால் இன்னும் நிச்சயம்: பி.எச். 4.6-க்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும்.

தயாரானதும் ரொட்டியை எடுத்து எறிந்துவிட்டு, தண்ணீரை வடிகட்டி, காய்களை அதே தண்ணீரோடு சுத்தமான ஜாடிக்கு மாற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஒரு நாள் குளிர்ந்தபின் கடித்தால்தான் அந்த நறுக்கென்ற சத்தம் வரும். ஒரு வாரம் பத்து நாளுக்குள் தின்று தீர்த்துவிடுங்கள், அதற்குமேல் புளிப்பு ஏறிக்கொண்டே போகும். மாதக்கணக்கில் அலமாரியில் வைக்க வேண்டும் என்பதுதான் உங்கள் எண்ணம் என்றால் இந்த முறை அதற்கு ஆகாது. 5 சதவீத அமிலமுள்ள வினிகரில், பரிசோதித்துத் தேறிய அளவுகளின்படி போட்டு, ஜாடியை மூடி, கொதிநீரில் வைத்து முத்திரையிடும் முறைக்குப் போங்கள்.