பட்டறை பதில்கள்: சாகாவா, பெஸ்ஸாவா, சிட்டியா?

(சுங்கை சிப்புட்டில் கார் பட்டறை நடத்தும் நம் பத்தியாளர், வாசகர்களின் வண்டிக் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார். இந்த இதழில் சிறிய செடான் கார்கள்.)

கேள்வி: ஐயா, நான் தோட்டத்தில் கிராணி. பெரிய சாலையிலிருந்து எங்கள் லயம் வரைக்கும் செம்மண் பாதை. அம்மாவுக்கு முட்டி வலி. மாதாமாதம் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். ஐந்து வருடம் ஓடிய புரோட்டோன் சாகா ஒன்றும், அதே வயதில் பெரோடுவா பெஸ்ஸா ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டும் 1.3 ஆட்டோ. விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். எதை எடுக்கட்டும்?
– தோட்டக் கிராணி, சுங்கை சிப்புட்

பதில்: தம்பி, காகிதத்தை வைத்து இந்தச் சண்டையைத் தீர்க்க முடியாது. சாகாவுக்கு 95 குதிரைத்திறன், 120 நியூட்டன் மீட்டர் இழுவிசை. பெஸ்ஸாவுக்கும் அதே 95தான், இழுவிசை 121. சாலை வரி இரண்டுக்கும் வருடத்துக்கு 70 வெள்ளி. கியரும் இரண்டிலும் நான்கு வேக ஆட்டோதான். 2016இல் வந்த சாகாவில் சிவிடி கியர், அதாவது ஒன்று இரண்டு என்று படி இல்லாத ஆட்டோ கியர் இருந்தது. 2019 ஆகஸ்டில் அதை எடுத்துவிட்டு ஹியுண்டாயின் நான்கு வேக கியர்பெட்டியைப் போட்டார்கள். நீங்கள் பார்த்த வண்டி அதற்குப் பிறகு வந்ததாகத்தான் இருக்கும், இருந்தாலும் பதிவு அட்டையில் வருடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். நம் ஊர்ப் பக்கம் கைவைத்துப் பழுது பார்க்க நான்கு வேக ஆட்டோதான் சுலபம்.

வித்தியாசம் ஓட்டும்போதுதான் தெரியும். பெஸ்ஸா எடை குறைந்த வண்டி, எண்ணெய் (பெட்ரோல்) குறைவாகக் குடிக்கும். பின்னால் கால் நீட்ட இடம் உண்டு, சாமான் பெட்டி 508 லிட்டர். சாகாவின் பெட்டி 420 லிட்டர்தான், எண்ணெயும் கொஞ்சம் கூடப் போகும். ஆனால் குழியில் இறங்கி ஏறும்போதும் வளைவில் திரும்பும்போதும் சாகா ஆடாமல் உட்கார்ந்து போகும். நெடுஞ்சாலையில் பக்கத்தில் பெரிய லாரி கடந்தால் பெஸ்ஸா லேசாக ஆடுவது ஸ்டியரிங்கிலேயே தெரியும். சாகாவில் அந்த ஆட்டம் குறைவு.

உங்கள் பாதை தார்ச்சாலையாக இருந்திருந்தால் யோசிக்காமல் பெஸ்ஸா என்று எழுதியிருப்பேன். தினமும் செம்மண்ணில் போய் வருகிற ஆளுக்கு என் ஓட்டு சாகாவுக்குத்தான். ஒரு விஷயம் மட்டும் கணக்கில் வையுங்கள். சாகா எஞ்சினில் டைமிங் பெல்ட், பெஸ்ஸாவில் செயின். பெல்ட்டைக் கையேட்டில் போட்டிருக்கிற கிலோமீட்டரில் மாற்றியே ஆக வேண்டும், அறுந்தால் எஞ்சின் போச்சு. விற்கிறவர் மாற்றிவிட்டேன் என்றால் ரசீது கேளுங்கள். ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, அந்தச் செலவை விலையில் குறைத்துப் பேசுங்கள்.

டயரையும் பாருங்கள். சில சாகாவில் 185/55 அளவில் 15 அங்குல டயர் இருக்கும். ஆரம்பத்தில் வந்த பெஸ்ஸாவில் 175/65, 14 அங்குலம். இரண்டாவது எண், அகலத்தில் எத்தனை விழுக்காடு டயரின் பக்கச்சுவர் உயரம் என்பது. 185இல் 55 விழுக்காடு என்றால் 102 மில்லிமீட்டர் வரும். 175இல் 65 என்றால் 114. அந்த 12 மில்லிமீட்டர் ரப்பர்தான் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் நிற்கிறது. செம்பனை மட்டையின் முள் பக்கச்சுவரில் ஏறினால் ஒட்டுப் போட வழியில்லை, டயரையே மாற்ற வேண்டும். அதனால் சாகா எடுத்தால் 14 அங்குல ரிம் போட்ட வண்டியாகத் தேடுங்கள். மினுமினுக்கிற ரிம்மைத் தோட்டத்தில் யார் பார்க்கப் போகிறார்கள்?

அடுத்து, வண்டியைப் பார்க்கப் போகும் நாளில் செய்ய வேண்டியது. பெட்டியைத் திறந்து கம்பளத்தைத் தூக்குங்கள். ஸ்பேர் டயரை வெளியே எடுத்துவிட்டு அந்தப் பள்ளத்தில் விரலை விட்டுத் தடவுங்கள். மேலே கழுவிப் பளபளவென்று வைத்திருப்பார்கள், பள்ளத்தின் மூலையில் சேறு காய்ந்து கிடக்கும். பிறகு பின்சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். துணியில் ஒரு மட்டத்துக்குக் கீழே பழுப்பு நிறக் கோடு தெரிந்தால் அந்த வண்டி வெள்ளத்தில் நின்றது. அப்படியே வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். பொன்னட் கீலின் போல்ட்டில் பெயின்ட் உரிந்து ஸ்பேனர் பட்ட தடம் இருந்தால், முன்பக்கம் எங்கேயோ மோதியிருக்கிறது என்று சந்தேகப்படலாம். ஓட்டிப் பார்க்கும்போது வானொலியை நிறுத்துங்கள். வேகத்தடை மேல் மெதுவாக ஏறி இறங்குங்கள். டொக் டொக் என்று கேட்டால் சக்கரத்தைத் தாங்கும் லோவர் ஆர்மின் புஷ்ஷோ, குலுக்கலை அடக்கும் அப்சார்பரோ தேய்ந்திருக்கும். அதை மாற்றிக்கொள்ளலாம், பயப்பட வேண்டாம், விலை பேச ஒரு பிடி கிடைத்தது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் மாற்றுவதற்கு புஸ்பாகோமில் பி5 சோதனை செய்வார்கள். அது வண்டியின் அடையாளத்தையும் பாதுகாப்பையும் பார்க்கிற சோதனை. எஞ்சின் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அதில் தெரியாது. பாஸ் ஆன வண்டிதானே என்று விற்கிறவர் சொன்னால் தலையாட்டிவிட்டு, உங்களுக்குத் தெரிந்த பட்டறைக்காரர் ஒருவரையும் கூட்டிப் போங்கள்.

அம்மாவை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் அவரைக் கூட்டிப் போய் இரண்டு வண்டியிலும் உட்காரச் சொல்லுங்கள். ஏறுவதைப் பார்க்காதீர்கள், இறங்குவதைப் பாருங்கள். முட்டி வலிக்காரர்களுக்கு இறங்குவதுதான் சிரமம். முன்சீட்டைக் கடைசி வரை பின்னால் தள்ளி அங்கே உட்கார வையுங்கள். பின்சீட்டு மரியாதை எல்லாம் கல்யாண வீட்டுக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம். மடக்கு சக்கர நாற்காலி வைத்திருந்தால் அதையும் எடுத்துப் போய்ப் பெட்டிக்குள் வைத்துப் பாருங்கள். பெட்டி எத்தனை லிட்டர் என்பதைவிட அதன் வாய் எவ்வளவு அகலம் என்பதுதான் அங்கே கணக்கு.

கேள்வி: வணக்கம் அண்ணே. சுங்கை சிப்புட்டிலிருந்து தினமும் ஈப்போவுக்கு வேலைக்குப் போகிறேன். புது கார் வாங்கலாம் என்று வீட்டில் சம்மதித்துவிட்டார்கள். ஹோண்டா சிட்டி, தொயோத்தா வியோஸ், நிசான் அல்மேரா மூன்றில் எது? அல்மேராவுக்குச் சாலை வரி 20 வெள்ளிதான் என்கிறார்களே?
– வங்கி ஊழியர், சுங்கை சிப்புட்

பதில்: தங்கச்சி, 20 வெள்ளி உண்மைதான். அல்மேராவில் இருப்பது 1.0 டர்போ, 1,000 சிசிக்குள் அடங்கிவிடும். சிட்டியும் வியோஸும் 1.5, அதனால் 90 வெள்ளி. வருடத்துக்கு 70 வெள்ளி மிச்சம் என்பதற்காகக் கார் வாங்காதீர்கள். அந்தக் காசு வீட்டோடு ஒருநாள் வாழையிலைச் சாப்பாட்டுக்கே சரியாகிவிடும்.

மற்றபடி அல்மேராவை லேசாக எடைபோடக் கூடாது. 100 குதிரைத்திறன்தான், ஆனால் 152 நியூட்டன் மீட்டர் இழுவிசை, எஞ்சின் நிமிடத்துக்கு 2,400 சுற்று சுற்றும்போதே வந்துவிடும். சிட்டிக்கு 121 குதிரைத்திறன், 145 நியூட்டன் மீட்டர். வியோஸுக்கு 106, 138. சிட்டியும் வியோஸும் முழு இழுவிசையைக் காட்ட 4,000 சுற்றைத் தாண்ட வேண்டும். ஜெலாப்பாங் பக்கமிருந்து மெனோரா சுரங்கத்துக்கு ஏறும் மேட்டில் அல்மேரா சத்தம் போடாமல் ஏறுவதற்குக் காரணம் அதுதான். ஆனால் நீங்கள் தினமும் போவது அந்த மேட்டில் இல்லையே. ஈப்போவுக்குப் பழைய சாலையில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர், நடுவில் சமிக்ஞை விளக்கு, லாரி, பள்ளிக்கூட பஸ். அந்த ஓட்டத்துக்கு மூன்றுமே தாராளம்.

மூன்றிலும் இருப்பது சிவிடி கியர். மிதித்ததும் எஞ்சின் சத்தம் முதலில் ஓடும், வண்டி பின்னால் வரும். பழகாதவர்கள் கியர் வழுக்குகிறது என்று பட்டறைக்கு ஓடி வருவார்கள். அதன் குணமே அப்படித்தான். சிவிடி எண்ணெயைக் காலத்தில் மாற்றினால் போதும், அதற்கென்று குறிப்பிட்ட எண்ணெயையே ஊற்ற வேண்டும். யாராவது எல்லாம் ஒன்றுதான் என்று சாதாரண ஆட்டோ கியர் எண்ணெயை எடுத்துக்கொண்டு வந்தால் சாவியைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

பாதுகாப்பில் மூன்றுமே ஆசியான் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியவை. சாமான் பெட்டி சிட்டியில் 519 லிட்டர், அல்மேராவில் 482, வியோஸில் 475.

என்னைக் கேட்டால் சிட்டி. தனியாகத் தினமும் போய் வருகிறீர்கள். 2023 மேம்பாட்டுக்குப் பிறகு சிட்டியின் எல்லா ரகத்திலும் ஹோண்டா சென்சிங் வருகிறது. முன்னால் போகும் வண்டி சட்டென்று நின்றால் தானாகவே பிரேக் பிடிக்க அது உதவும். விடியற்காலை மூடுபனியில் லாரிக்குப் பின்னால் போகிறவருக்கு அது வேண்டும். ஹைப்ரிட் சிட்டியும் இருக்கிறது. டவுனுக்குள் பெரும்பாலும் மின் மோட்டார்தான் சக்கரத்தைச் சுழற்றும், எண்ணெய் நன்றாக மிச்சமாகும். ஆனால் 30 கிலோமீட்டர் ஓட்டத்தில் மிச்சமாகும் எண்ணெய் அந்தக் கூடுதல் விலையை ஈடுகட்ட நெடுநாள் ஆகும்.

வீட்டில் தாத்தா பாட்டி அடிக்கடி பின்னால் உட்காருவார்கள் என்றால் அல்மேராவையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பின்சீட்டில் முட்டிக்கு இடம் தாராளமாக இருக்கும். வியோஸ் வாங்குபவர்கள் பெரும்பாலும் வேறு கார் பார்க்காமலேயே வாங்குகிறார்கள். அது குறையா நிறையா என்று சொல்ல நான் ஆளில்லை.

கேள்வி: கிராப் ஓட்டலாம் என்று இருக்கிறேன். பெஸ்ஸா 1.0 போதுமா, 1.3 வேண்டுமா?
– தைப்பிங் வாசகர்

பதில்: 1.3. பெஸ்ஸா 1.0க்கு 67 குதிரைத்திறன், 91 நியூட்டன் மீட்டர். நீங்கள் ஒருவராகப் போனால் குறை சொல்ல மாட்டீர்கள். நான்கு பேரும் அவர்களுடைய பெட்டிகளும் ஏறி, குளிர்சாதனமும் முழு வேகத்தில் ஓடினால் எஞ்சினுக்கு மூச்சு வாங்கும். நீங்களும் மிதித்துக்கொண்டே இருப்பீர்கள், மிச்சம் பிடிக்க நினைத்த எண்ணெய் அங்கே போய்விடும். எக்கோ ஐடல் உள்ள வண்டி என்றால் சிவப்பு விளக்கில் எஞ்சின் தானாக நிற்கும். அதற்கென்று தனி பேட்டரி உண்டு, சாதாரண பேட்டரியைவிட விலை கூட. பழைய வண்டி வாங்கும்போது எந்த பேட்டரி போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். பயணிகளை ஏற்றுவதற்கான பிஎஸ்வி உரிமத்தை முதலில் எடுத்துவிட்டு அப்புறம் கார் வாங்குங்கள். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

கேள்வி: என் பெஸ்ஸா 1.0 சிவப்பு விளக்கில் நிற்கும்போது ஸ்டியரிங் நடுங்குகிறது. எஞ்சின் கோளாறா?
– பத்துகாஜா வாசகி

பதில்: மூன்று சிலிண்டர் எஞ்சின், மூன்று கால் முக்காலி மாதிரி கொஞ்சம் ஆடத்தான் செய்யும். புதிதாக வாங்கிய நாளிலிருந்தே அப்படி இருந்தால் விட்டுவிடுங்கள். இப்போதுதான் அதிகமாகியிருக்கிறது என்றால், பிரேக்கை மிதித்தபடி கியரை டியிலிருந்து என்னுக்குத் தள்ளிப் பாருங்கள். நடுக்கம் சட்டென்று குறைந்தால் பெரும்பாலும் எஞ்சின் மவுன்டிங் ரப்பர் தேய்ந்திருக்கும். குறையவில்லையென்றால் பிளக்கையும் காயிலையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: 9 வருடக் கடன் எடுத்தால் மாதத் தவணை குறைவு என்கிறார் விற்பனையாளர். எடுக்கலாமா?
– புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர், கோலக்கங்சார்

பதில்: ஒரு பேச்சுக்கு 40,000 வெள்ளிக் கடன், வருடத்துக்கு 3 விழுக்காடு பிளாட் ரேட் (வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி வரை வட்டி) என்று வைத்துக்கொள்வோம். 5 வருடத்துக்கு வட்டி 6,000, மாதம் 767 வெள்ளி. 9 வருடத்துக்கு வட்டி 10,800, மாதம் 470 வெள்ளி. மாதம் முந்நூறு குறைகிறது, மொத்தத்தில் 4,800 கூடுகிறது. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏழாவது எட்டாவது வருடத்தில் டயர், அப்சார்பர், குளிர்சாதனக் கம்ப்ரசர் என்று ஒவ்வொன்றாகக் கை காட்டும்போது தவணையும் ஓடிக்கொண்டிருக்கும். 767 கட்ட முடியாது என்றால் காரை மாற்றுங்கள் தம்பி, வருடத்தை நீட்டாதீர்கள். சிட்டிக்கு 9 வருடம் கட்டுவதற்குப் பதில் பெஸ்ஸாவுக்கு 5 வருடம் கட்டலாம். காப்புறுதியில் விபத்துக் கோரிக்கை செய்யாமல் ஓட்டினால் முதல் வருடம் முடிந்ததும் 25 விழுக்காடு தள்ளுபடி, படிப்படியாக ஏறி 55 விழுக்காடு வரை போகும். சின்னக் கீறலுக்கெல்லாம் கோரிக்கை வைத்து அதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: அப்பாவிடம் முதல் தலைமுறை சாகா ஒன்று இருக்கிறது. இன்னும் ஓடுகிறது. விற்றுவிட்டுப் புதிய சாகா வாங்கலாம் என்று சொன்னால் மூன்று நாள் பேசாமல் இருக்கிறார். என்ன செய்வது?
– சலிம் வாசகர்

பதில்: விற்காதீர்கள். 1985 ஜூலையில் வெளிவந்த அந்த சாகாவுக்கு அடிப்படை மிட்சுபிஷி லான்சர் ஃபியோரே. கார்புரேட்டர் வண்டி, திறந்து சுத்தம் செய்து மூடத் தெரிந்த ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள், பாகமும் தேடினால் கிடைக்கும். புதிய காரைத் தனியாக வாங்குங்கள், அப்பா மனம் மாறினால் அதில் ஏறட்டும். அதுவரை ரேடியேட்டர் ஹோஸையும் பிரேக் ஹோஸையும் மாற்றிவிடுங்கள். அந்த வயது ரப்பரை நம்பக் கூடாது. முடிந்தால் வண்டியை இங்கேயே கொண்டு வாங்க. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், கடை சாத்தியிருக்கும்.