2000களின் தொடக்கத்தில் வந்து கவனிக்கப்படாமல் போன நல்ல தமிழ்ப் படங்கள் எவை?

இந்தக் கேள்வியை எங்கே பார்த்தாலும் முதல் பதில் 'அன்பே சிவம்'. 2003 பொங்கலுக்கு வந்தபோது அது சரியாக ஓடவில்லை, ஒப்புக்கொள்கிறேன். அதற்கப்புறம் டிவியில் எத்தனை தடவை போட்டுவிட்டார்கள்! யாரும் பார்க்காத படம் என்று சொல்லிச் சொல்லியே எல்லோரும் பார்த்துவிட்ட படம் அது. (கமல் ரசிகர்கள் சண்டைக்கு வரவேண்டாம், நானும் அந்தக் கட்சிதான்.)

நீங்கள் அநேகமாக அந்தப் படங்கள் வந்தபோது பள்ளிக்கூடம்கூடப் போகாதவராக இருப்பீர்கள். நான் அப்போது ஒரு சின்ன ஊரில் வாடகைக்கு சிடி விடும் கடை வைத்திருந்தேன். எல்லாம் ஒரிஜினலா என்று கேட்காதீர்கள். ஒரிஜினலும் இருந்தது, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

என்னுடைய முதல் சிபாரிசு 'இயற்கை' (2003). ஜனநாதனின் முதல் படம், வித்யாசாகர் இசை. அந்த ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் வாங்கியது. தஸ்தயேவ்ஸ்கியின் 'வெண்ணிற இரவுகள்' கதையைத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்திருப்பார். கப்பல் வேலை பார்க்கும் மருது (ஷாம்) நான்சியைக் காதலிக்கிறான், அவளோ என்றோ கடலுக்குப் போன கேப்டனுக்காகக் காத்திருக்கிறாள்.

என் கடையில் இந்தப் படம் மூன்று சிடி. முதல் இரண்டும் நன்றாக ஓடும். மூன்றாவதில் யாரோ கீறல் போட்டுவிட்டார்கள். கொஞ்ச நேரம் ஓடும், அப்புறம் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். நானும் வாயால் ஊதி, சட்டையில் துடைத்து, யாரோ சொன்னார்கள் என்று பற்பசைகூடத் தேய்த்துப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

லேத் பட்டறையில் வேலை பார்த்த ஒரு தம்பி எடுத்துக்கொண்டு போனான். மறுநாள் காலையில் நான் ஷட்டரைத் தூக்கும்போதே வந்து நிற்கிறான். "அண்ணே, கடைசியில அந்தப் பொண்ணு யாரண்ணே கட்டிக்கிச்சு?" முந்தைய மாதம்தான் அவன் விரும்பிய பெண்ணுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகியிருந்தது. கண்ணைப் பார்த்தால் ராத்திரி தூங்கவே இல்லை என்று தெரிந்தது. "மருதுவைத்தான்" என்றேன். சிரித்துக்கொண்டே போனான். வாடகையும் வாங்கவில்லை. வாடிக்கையாளரிடம் பொய் சொல்லலாமா என்று இங்கே யாராவது பாடம் எடுப்பார்கள், எடுக்கட்டும். அன்றைக்கு நீங்கள் அந்த முகத்தைப் பார்க்கவில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜானகி விஸ்வநாதனின் 'குட்டி' (2001), சிவசங்கரி கதை. வீட்டு வேலைக்கு அனுப்பப்படும் சிறுமியாக நடித்த ஸ்வேதாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. எடுத்துப் போனவர்களில் பாதிப் பேர் "ஏன் சார் இப்படி அழவைக்கிற படத்தைக் கொடுக்கறீங்க?" என்று என்னைத் திட்டினார்கள். தங்கர் பச்சானின் 'சொல்ல மறந்த கதை' (2002), நாஞ்சில் நாடனின் 'தலைகீழ் விகிதங்கள்' நாவல்தான். மாமனார் வீட்டோடு மாப்பிள்ளையாகப் போகலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் இதைப் பார்க்கவும். கி.ரா.வின் (எழுத்தாளர் கி. ராஜநாராயணன்) 'கிடை' குறுநாவலை அம்ஷன் குமார் 'ஒருத்தி' (2003) என்று எடுத்தார். ஜெயகாந்தன் கதையை வைத்து 'ஊருக்கு நூறு பேர்' (2001) எடுத்த லெனினுக்குச் சிறந்த இயக்குநர் தேசிய விருதே கிடைத்தது. இந்த இரண்டும் என் கடைக்கு வரவேயில்லை, நானே ரொம்பப் பிற்பாடுதான் பார்த்தேன்.

கடையை மூடியபோது கட்டிட உரிமையாளர் வெள்ளையடித்த செலவு என்று சொல்லி அட்வான்ஸில் பாதியைப் பிடித்துக்கொண்டார். சுவர் முழுக்க நான் ஒட்டிய சினிமா போஸ்டர், அந்தச் சுவரில் அவர் எங்கே வெள்ளையடித்தார்? சரி, அது வேறு கதை.

லேத் தம்பி, இதைப் படிக்க நேர்ந்தால் மன்னித்துக்கொள். கேப்டன் திரும்பி வந்துவிட்டார்.