கோடிங் தெரியாமல், ஏற்கனவே இருக்கிற வெப்சைட்டில் ப்ளொக் ஒன்றைச் சேர்ப்பது எப்படி?

கேள்வியில் நீங்கள் எழுதியிருப்பது: பழைய மாணவர் சங்கத்துக்கு ஐந்தாறு பக்கத்தில் ஒரு வெப்சைட் இருக்கிறது, செய்து தந்தவர் வெளிநாடு போய்விட்டார், மாதம் இரண்டு மூன்று செய்தி போட வேணும், கோடிங் தெரிந்த ஆள் இல்லை, காசும் பெரிதாக இல்லை. யாழ்ப்பாணத்தில் நான் கண்ட சங்கம், கோயில், சனசமூக நிலையம் முக்கால்வாசியின் கதையும் இதுதான்.

பழைய வெப்சைட்டை அப்படியே விட்டுவிடுங்கள். அதற்குள் ப்ளொக்கை நுழைக்கப் பார்த்தால் ஒரு சுவரை இடிக்கப் போய் இரண்டு சுவர் விழும். வீட்டோடு ஒரு பத்தி (சாய்ப்பு) இறக்குகிற மாதிரி, வெப்சைட் முகவரியின் பெயருக்கு முன்னால் ஆங்கில எழுத்தில் 'ப்ளொக்' அல்லது 'செய்தி' என்று ஒரு சொல்லும் ஒரு புள்ளியும் சேர்த்து, தனி இடமாகப் போடுங்கள். இதை சப்டொமைன் என்பார்கள். பார்க்க வருபவருக்கு ஒரே வீடு. உங்களுக்கு இரண்டு வாசல்.

வடமராட்சிப் பக்கம் எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்துக்கு இப்படித்தான் செய்தோம். கனடாவில் இருக்கும் மச்சான் ஒருவர் லீவில் வந்து நின்றபோது நிலையத்துக்கு ஒரு வெப்சைட் செய்து தந்துவிட்டுப் போனார். நல்ல வடிவான வேலை. ஆனால் 'புதிய செய்திகள்' என்ற பக்கத்தில் கடைசியாக இருந்தது ஐந்து வருடத்துக்கு முந்திய விளையாட்டுப் போட்டிப் படம். ஒரு வரி மாற்ற வேணுமென்றால் அவருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பி, அவர் வேலை முடிந்து வந்து பார்க்கும்வரை காத்திருக்க வேணும். இரண்டு மூன்று தரம் அனுப்பினோம், பிறகு எங்களுக்கே வெட்கமாகிவிட்டது.

நிலையத்தின் செயலாளர் ஓய்வு பெற்ற ரீச்சர். உதயன், வலம்புரி பேப்பர்கள் விரித்தபடி கிடக்கும் மேசைக்குப் பின்னால் இருப்பார். படலையடியில் ஒரு கரும்பலகை இருக்கிறது. கூட்டம், மரண அறிவித்தல், சிரமதானம் எல்லாவற்றையும் அதில் சோக்கால் எழுதுவதும் அவர்தான். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, இந்த போர்ட்டில எழுதுற மாதிரி அதில எழுத ஏலாதோ?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் எனக்கு அளவுகோல் ஆனது. ரீச்சர் தன் போனில், என்னைக் கூப்பிடாமல், பத்து நிமிடத்தில் போட ஏலுமா? ஏலாது என்றால் அது எவ்வளவு நல்ல மென்பொருளாக இருந்தாலும் எங்களுக்கு வேண்டாம்.

உங்கள் சங்கத்திலும் முதலில் எழுதப் போகிற ஆளைக் கண்டுபிடியுங்கள். மென்பொருளைப் பிறகு பார்க்கலாம்.

அடுத்து, இப்போதுள்ள வெப்சைட் எதில் செய்யப்பட்டது என்று பாருங்கள். விக்ஸ் மாதிரி, கோடிங் இல்லாமல் வெப்சைட் செய்கிற தளத்தில் என்றால் ப்ளொக் அதற்குள்ளேயே இருக்கிறது, சேர்க்கிற பொத்தானை அமத்தினால் வேலை முடிந்தது. வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் என்றால் இன்னும் சுகம்: அது 2003 இல் தொடங்கியதே ப்ளொக் எழுதுவதற்காகத்தான், 'போஸ்ட்ஸ்' என்ற பகுதி திறந்து எழுத வேண்டியதுதான் பாக்கி. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஹெச்டிஎம்எல் என்ற கோடில் கையால் எழுதிய பக்கங்கள் போலத் தெரிகிறது. எங்களுடையதும் அதுதான்.

இனி வருவது தொழில்நுட்பமே இல்லாத வேலை, ஆனால் எங்களுக்கு ஆகக் கூடின நாள் எடுத்தது இதுதான். டொமைன் பெயர், அதாவது வெப்சைட் முகவரியின் பெயர், யாருடைய கையில் இருக்கிறது? எங்கள் பெயரை வாங்கியது மச்சானின் சொந்த மின்னஞ்சலில். அவர் நல்ல மனிதர், கேட்டவுடன் தந்தார். ஆனால் அந்த மின்னஞ்சலின் பாஸ்வேர்ட் அவருக்கே மறந்துபோயிருந்தது. அதை மீட்டு, டொமைன் கணக்கில் நிலையத்தின் மின்னஞ்சலைப் போட்டு முடிக்க மூன்று கிழமை ஆனது. நீங்கள் இன்றைக்கே தொடங்க வேண்டியது இதைத்தான். செய்து தந்தவரோடு மனக்கசப்பு இருந்தாலும் பரவாயில்லை, பணிவாக ஒரு கோல் எடுத்துக் கதையுங்கள். திறப்பு அவரிடம் இருக்கும்வரை வீடு உங்களுடையது என்று சொல்ல ஏலாது.

திறப்பு கைக்கு வந்த பிறகு மிச்சம் ஒரு பின்னேர வேலை. நாங்கள் எடுத்தது ப்ளொகர் என்ற ப்ளொக் சேவை. 1999 இல் தொடங்கியது, 2003 இல் கூகுள் வாங்கியது. பழைய சாமான் என்று பெடியள் சிரிப்பார்கள். தமிழ் ப்ளொக்குகளை ஒரே இடத்தில் காட்டிய தமிழ்மணம் திரட்டி இருந்த காலத்தில் நாங்களெல்லாம் எழுதிப் பழகியதும் இதில்தான், அதனால் எனக்குக் கொஞ்சம் பக்கச்சார்பு உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் இலவசம், அப்டேட் செய்ய எதுவும் இல்லை, ஜிமெயில் கணக்கு இருந்தால் போதும்.

சங்கத்தின் பெயரில் ஒரு ஜிமெயில் தொடங்கி, ப்ளொகரில் ஒரு ப்ளொக் உருவாக்குங்கள். செட்டிங்ஸில் பப்ளிஷிங் என்ற பகுதியில் 'கஸ்டம் டொமைன்' என்று இருக்கும். அதில் உங்கள் சப்டொமைனை எழுதிச் சேமிக்கப் போனால் சிவப்பில் ஒரு பிழைச் செய்தி வரும். பயப்பட வேண்டாம், அந்தப் பிழைச் செய்திக்குள்தான் உங்களுக்கு வேண்டிய விபரம் இருக்கிறது. 'சீநேம்' என்று, ஒரு பெயரை இன்னொரு இடத்துக்குக் காட்டுகிற இரண்டு சோடி தரும். முதல் சோடியில் இடது பக்கம் நீங்கள் தெரிவு செய்த முன்சொல், வலது பக்கம் ஜிஎச்எஸ் டொட் கூகுள் டொட் கொம். இரண்டாவது சோடி உங்களுக்கு மட்டும் உரிய நீளமான எழுத்துக்கோவை, அதைக் கையால் தட்டாமல் நகல் எடுத்தே ஒட்டுங்கள். டொமைன் கணக்கில் டிஎன்எஸ் (எந்தப் பெயர் எங்கே போக வேணும் என்ற பட்டியல்) என்ற பக்கத்தைத் திறந்து இந்த இரண்டையும் புதிதாகச் சேர்த்துவிட்டு வாருங்கள். அங்கே ஏற்கனவே இருக்கிற வரிகள் எதிலும் கை வைக்காதீர்கள். பழைய வெப்சைட்டும் சங்கத்தின் மின்னஞ்சலும் அந்த வரிகளில்தான் நிற்கின்றன.

பிறகு ப்ளொகருக்குத் திரும்பி வந்து மறுபடி சேமித்துப் பாருங்கள். சில வேளை உடனே எடுக்கும், சில வேளை அடுத்த நாள்வரை இழுக்கும். எங்களுக்கு இரவு ஒன்பது மணிக்குப் போட்டது விடியத்தான் வேலை செய்தது. அதற்கிடையில் நான் நாலு தரம் அழித்து அழித்துப் போட்டேன். தேவையில்லாத வேலை, நித்திரையும் போச்சு. கடைசியாக அதே பக்கத்தில் ஹெச்டிடிபிஎஸ் என்று இருப்பதை ஓன் பண்ணிவிடுங்கள், இல்லாவிட்டால் 'பாதுகாப்பற்ற தளம்' என்று பிரவுசர் ஆட்களை மிரட்டும்.

பழைய வெப்சைட்டின் மெனுவில் புது இடத்துக்கு ஒரு இணைப்பு வேணும். வெப்சைட் கோப்புகள் இருக்கிற ஹோஸ்டிங்கில் சீபேனல் என்ற நிர்வாகப் பக்கம் இருந்தால் ஃபைல் மனேஜரைத் திறந்து, முகப்புப் பக்கக் கோப்பை முதலில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். பிறகு 'தொடர்புகளுக்கு' என்பது மாதிரி மெனுவில் ஏற்கனவே உள்ள வரியைத் தேடி, அதை அப்படியே நகல் எடுத்து அதற்குக் கீழே ஒட்டி, முகவரியையும் சொல்லையும் மட்டும் மாற்றுங்கள். இதுவும் கோடிங் என்றால் தேத்தண்ணி போடுவதும் சமையல்தான். ப்ளொக்கின் புதுத் தலைப்புகள் முகப்பிலேயே தானாக ஓட வேணும் என்று சிலர் ஆசைப்படுவார்கள். அதற்கு விட்ஜெட் (பக்கத்தில் ஒட்டுகிற சின்னப் பெட்டி) தருகிற சேவைகள் இருக்கின்றன, ஆனால் இலவசமானவை பெரும்பாலும் தங்கள் விளம்பரத்தையும் சேர்த்து ஒட்டும். எங்களுக்கு ஒரு இணைப்பே போதுமாக இருந்தது.

முதல் பதிவு போட்ட அன்றைக்கு ரீச்சரின் போன் பிரவுசரிலேயே ப்ளொகரைத் திறந்து கொடுத்தேன். 2020 இல் அதன் உட்பக்கத்தைப் புதுப்பித்த பிறகு சின்னத் திரையிலும் ஒழுங்காக வருகிறது. தட்டெழுத அவருக்குப் பொறுமை இல்லை. கீபோர்டில் மைக் படத்தை அமத்தி, மொழியில் தமிழ் (இலங்கை) என்பதைத் தெரிவு செய்துவிட்டேன். அவர் போனை முகத்துக்கு நேரே பிடித்து, சொல்வதெழுதல் சொல்லுகிற அதே குரலில், "நிலையத்தின்... வருடாந்தப்... பொதுக்கூட்டம்..." என்று தொடங்கினார். திரையில் எழுத்து வர வர அவர் முகத்தில் ஒரு சிரிப்பு. ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் அவர் நிறுத்தியதால் போன் பாதியில் கேட்பதை விட்டுவிட்டது. "ரீச்சர், பிள்ளையளுக்குச் சொல்லுற மாதிரி வேண்டாம், என்னோட கதைக்கிற மாதிரிச் சொல்லுங்கோ" என்றேன். பிறகு சரியாக வந்தது. புள்ளியும் காற்புள்ளியும் வராது, அவற்றைக் கையால் போட வேணும். 'நெல்லியடி' என்பது 'நெல்லி அடி' ஆகியிருந்தது. அதைத் திருத்தாமல் விடமாட்டேன் என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இருந்து திருத்தினார்.

மைக்கும் சரிவராத ஆட்களுக்கு இன்னொரு வழி உண்டு. ப்ளொகர் செட்டிங்ஸில் ஒரு இரகசிய மின்னஞ்சல் முகவரி உருவாக்கலாம். அதற்கு அனுப்புகிற கடிதத்தின் தலைப்பு பதிவின் தலைப்பாகவும், உள்ளடக்கம் பதிவாகவும் வந்துவிடும். உடனே வெளியாகாமல் வரைவாக நிற்கும்படி தெரிவு செய்து வைத்தால், நீங்கள் ஒரு தரம் பார்த்துவிட்டு வெளியிடலாம்.

தமிழில் போடுகிறபோது இரண்டு விஷயத்தில் தடக்குப்படுவீர்கள். ஒன்று பாமினி என்ற பழைய எழுத்துரு. ஆண்டு மலருக்கு அச்சகத்தில் அடித்த கட்டுரைகளை எடுத்து ஒட்டினால் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியலாக வரும். பாமினியில் தமிழ் வடிவம் எழுத்துருவில் மட்டும்தான் இருக்கிறது, உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்து. எங்கும் தமிழாகவே தெரிகிற யூனிகோடுக்கு மாற்றித் தருகிற இலவசக் கருவிகள் இணையத்தில் நிறைய உண்டு, மாற்றிவிட்டு ஒட்டுங்கள். மாற்றின பிறகும் 'ஸ்ரீ' மாதிரியான எழுத்துகளை ஒரு தரம் வாசித்துப் பார்ப்பது நல்லது.

மற்றது பதிவின் இணைய முகவரி. முழுத் தலைப்பும் தமிழில் இருந்தால் ப்ளொகருக்கு அதிலிருந்து முகவரி எடுக்கத் தெரியாது. ப்ளொக் போஸ்ட் என்று போட்டு, அடுத்ததற்கு அதோடு ஏதோ ஒரு இலக்கத்தை ஒட்டும். வேர்ட்பிரஸ் மறுபக்கம்: தமிழையே வைக்கும், ஆனால் பகிர்கிறபோது ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் விழுக்காட்டுக் குறிகளோடு ஒன்பது எழுத்தாக விரியும். 'ஆண்டுவிழா' என்ற ஒரு சொல்லே 81 எழுத்து. அந்த இடத்துக்கு அது வைத்திருக்கும் எல்லை 200 எழுத்து, அதனால் நீளத் தலைப்பு நடுவில் வெட்டுப்படும். இரண்டிலும் மருந்து ஒன்றுதான்: வெளியிட முதல் 'பெர்மாலிங்க்' என்ற இடத்தில் ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொல்லும் வருடமும் போடுங்கள். ப்ளொகரில் வெளியிட்ட பிறகு அதை மாற்ற விடாது, திரும்ப வரைவாக்கித்தான் மாற்ற வேணும்.

அப்படியென்றால் வேர்ட்பிரஸ் ஏன் வேண்டாம் என்று கேட்பீர்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. சீபேனலில் சொஃப்டாகுலஸ் என்ற நிறுவுகிற கருவி இருந்தால் ஐந்து நிமிடத்தில் ஒரு கோப்புறைக்குள் நிறுவலாம், தோற்றத்தையும் பழைய தளத்தோடு ஒத்துப்போக வைக்கலாம். நிறுவுகிறபோது 'டிரெக்டரி' என்ற பெட்டியை வெறுமையாக விட்டால் மட்டும் அது முழுத் தளத்தின் வேரிலேயே போய் இருந்துவிடும். அதுவல்ல என் பயம். சொந்தக்காரர் ஒருவரின் கடைக்கு வேர்ட்பிரஸ் போட்டுக் கொடுத்துவிட்டு ஒரு வருடம் நான் எட்டிப் பார்க்கவில்லை. பிழை என்னுடையது. ஒரு நாள் அவர், "உன்ர வெப்சைட்டில சூதாட்ட விளம்பரம் ஓடுது, வந்து பார்" என்று கோல் எடுத்தார். அப்டேட் செய்யாத ஒரு ப்ளகின் (வேர்ட்பிரஸோடு சேர்க்கிற துணை மென்பொருள்) வழியாக உள்ளே வந்திருந்தார்கள். 2020 இல் வந்த 5.5 பதிப்பிலிருந்து ப்ளகின்களைத் தானாகவே புதுப்பிக்க விடலாம், அதை நான் ஓன் பண்ணியிருக்கவில்லை. மாதம் ஒரு தரம் உள்ளே போய்ப் பார்க்க உங்களிடம் ஆள் இருந்தால் வேர்ட்பிரஸ் எடுங்கள். இல்லையென்றால் ப்ளொகர்.

எங்கள் கூட்டத்தில், "பேஸ்புக் பேஜ் இருக்கேக்க இது எதுக்கு?" என்று ஒருவர் எழும்பினார். நியாயமான கேள்விதான். ஆனால் போன வருடம் போட்ட புலமைப்பரிசில் விண்ணப்பப் படிவத்தைப் பேஸ்புக்கில் தேடி எடுக்கச் சொன்னேன். எல்லாரும் போனை உருட்டினார்கள், கிடைக்கவில்லை. இப்போது பதிவை ப்ளொக்கில் போட்டு, அதன் இணைப்பைப் பேஸ்புக்கிலும் வைபர் குறூப்பிலும் போடுகிறோம். லண்டனிலும் டொரன்டோவிலும் இருக்கிற பிள்ளைகள் கூகுளில் ஊரின் பெயரைத் தட்டி வந்து சேர்வதும் அந்தப் பதிவுகள் வழியாகத்தான்.

இன்னும் ஒன்று: நிர்வாகியாக இரண்டு பேரைப் போடுங்கள், இரண்டு வேறு ஜிமெயிலில். இரண்டு வருடம் திறக்காமல் கிடக்கிற கணக்கை அழிக்கலாம் என்பது 2023 டிசம்பரிலிருந்து கூகுள் நடைமுறைப்படுத்தும் விதி. சங்கத் தலைவர் மாறினால் ஜிமெயிலும் அவரோடு போய்விடுகிற ஆபத்து அதைவிடப் பெரிது. எழுதுபவர்களை நிர்வாகி ஆக்காமல் 'ஓதர்' என்று மட்டும் சேர்க்கலாம். படங்களை ஒரு பென்டிரைவிலும் போட்டு வையுங்கள்.

ப்ளொகர் இலவசம் என்றாலும் டொமைன் பெயருக்கு வருடா வருடம் காசு கட்ட வேணும், பிந்தினால் பத்தியும் வீடும் ஒன்றாகவே இருட்டாகிவிடும். எங்கள் நிலையத்தில் அந்தத் திகதி படலையடிக் கரும்பலகையின் வலது மூலையில் சோக்கால் எழுதி, சுற்றிப் பெட்டி கட்டியிருக்கிறது. மற்ற எதையும் அழிக்கலாம், அந்த மூலையை ரீச்சர் யாரையும் தொட விடுவதில்லை.