ஜிபிஎஸ் சாகச ஆட்டத்தில் ஆட்டக்காரருக்கு ஒரு குறிப்பேடு

கேள்வி: நான் ஜெர்மனியின் எசன் நகரில் வசிக்கிறேன். இங்குள்ள சோல்ஃபெரைன் நிலக்கரிச் சுரங்க வளாகத்தைக் களமாகக் கொண்டு, கைபேசியோடு இடத்துக்கு இடம் நடந்து விளையாடும் ஜிபிஎஸ் ஆட்டங்களுக்கான தளமான வெரிகோவில் ஒரு சாகச ஆட்டம் அமைத்திருக்கிறேன். விளையாடிப் பார்த்த நண்பர்கள், ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி ஒருவர் இரண்டாவது இடத்தில் சொல்லும் துப்பை ஏழாவது இடத்துக்கு வருவதற்குள் மறந்துவிடுகிறார்கள். ஆட்டத்துக்குள்ளேயே குறிப்பேடு ஒன்று வைக்க இயலுமா? (வாசகர், எசன்)

பதில்: இயலும். இத்தகைய ஆட்டத்தில் அது இருந்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வீட்டில் அமர்ந்து விளையாடும் ஆட்டத்தில் கவனம் முழுவதும் திரையில் இருக்கிறது. உங்கள் ஆட்டக்காரரோ நடக்கிறார், சாலையைக் கடக்கிறார், உடன் வருபவரோடு பேசுகிறார், மழை வந்தால் ஒதுங்குகிறார், பாதியில் நிறுத்திவிட்டு அடுத்த வாரம் வந்து தொடரவும் செய்கிறார். வெரிகோவில் ஒரு கதாபாத்திரத்தின் பேச்சு செய்தியாகத் தோன்றி, பொத்தானை அழுத்தியவுடன் மறைந்துவிடுவதால், அதைத் திரும்பப் படிக்க அவருக்கு வழியே இல்லை. குறை உங்கள் நண்பர்களின் நினைவாற்றலில் இல்லை.

செய்முறை எளிது. ‘குறிப்பேடு’ என்ற பெயரில் ஒரு பொருளை உருவாக்கி, ஆட்டம் தொடங்கும்போதே ஆட்டக்காரரின் கைவசப் பொருள்களில் சேர்த்துவிடுங்கள். குறிப்புகளைத் தாங்கும் மாறி (நிரலில் தகவலை வைக்கும் பெயரிட்ட இடம்) ஒன்றை அமைத்து, புதிய வரியை அந்த மாறியில் சேர்த்து, பின்பு அதையே அப்பொருளின் விளக்கமாக இட்டுவிடும் செயற்கூறு (வேண்டியபோது அழைக்கும் சிறு நிரல்) ஒன்றை, வெரிகோவின் நிரல்மொழியான லூவாவில் எழுதுங்கள். முக்கியமான உரையாடலோ கண்டுபிடிப்போ நிகழும் இடத்திலெல்லாம் அந்தச் செயற்கூற்றை அழைத்தால் போதும். புதிய குறிப்பு மேலே வரட்டும். வெயிலில் சிறிய திரையைக் கீழ்நோக்கித் தள்ளித் தள்ளித் தேடுவது எவருக்கும் அலுப்பூட்டும்.

மாறியை எங்கே அறிவிக்கிறீர்கள் என்பதில் மிகுந்த கவனம் தேவை. கார்ட்ரிட்ஜின், அதாவது ஆட்டம் அடங்கிய வெரிகோ கோப்பின், மாறிகளாக முறைப்படி அறிவிக்கப்பட்டவை மட்டுமே ஆட்டத்தோடு சேமிக்கப்படும். நிரலின் நடுவே நீங்களாக உருவாக்கும் சாதாரண லூவா மாறிகள் சேமிப்பில் இடம்பெறுவதில்லை. இதைக் கவனிக்காவிட்டால், ஒரே மூச்சில் விளையாடியவருக்கு எல்லாம் சரியாகத் தெரியும். மறுநாள் தொடர்ந்தவருக்கோ பழைய குறிப்புகள் ஒன்றும் இராது. ஒவ்வொரு குறிப்புக்குப் பின்னும் ஆட்டத்தைச் சேமிக்கும் கட்டளையையும் சேர்த்துவிட்டால், மின்கலம் தீர்ந்துபோனாலும் குறிப்பேடு தப்பும்.

கதாபாத்திரம் பேசியதை அப்படியே நகலெடுத்து வைக்காதீர்கள். அந்தத் தொழிலாளி பத்து வரி பேசினால், ஆட்டக்காரர் தம் கைப்பட எழுதியிருந்தால் எவ்வளவு எழுதியிருப்பாரோ அவ்வளவே, ஒன்றிரண்டு வரிகளே, குறிப்பேட்டில் இருக்க வேண்டும். ‘1932இல் திறக்கப்பட்ட 12ஆம் சுரங்கக்குழியின் 55 மீட்டர் கோபுரத்துக்குக் கீழே அவரைச் சந்தித்தேன். 1986இல் கடைசி நாள் வேலை முடிந்தபோது தம் விளக்கைத் திருப்பிக் கொடுக்கவில்லை என்றார்’ என்ற அளவில் இருந்தால், துப்பும் நினைவில் நிற்கும், இடமும் நினைவில் நிற்கும். இனிச் செய்ய வேண்டியவற்றுக்கு வெரிகோவிலேயே பணிப்பட்டியல் தனியாக இருக்கிறது. எனவே குறிப்பேட்டில் ஆட்டக்காரர் அறிந்துகொண்டவை மட்டும் இருக்கட்டும். இரண்டையும் கலந்தால் இரண்டுமே படிக்கப்படாமல் போகும்.

கேள்வி: எங்கள் ஆட்டத்தில் ஒரே குறிப்பு மூன்று நான்கு முறை பதிவாகிறது. ஏன்?

பதில்: திறந்த வானத்தின் கீழேயே கைபேசியின் ஜிபிஎஸ் ஏறத்தாழ 5 மீட்டர் வரை விலகிக் காட்டும், உயர்ந்த கட்டடங்களுக்கிடையே விலகல் இன்னும் கூடும். ஆட்டத்தில் ஓர் இடத்துக்கு நீங்கள் வகுத்த எல்லைக்கோட்டின் அருகே ஒருவர் அசையாமல் நின்றாலும், கருவியின் கணக்கில் அவர் உள்ளே வருவதும் வெளியே போவதுமாக இருப்பார்; ஒவ்வொரு நுழைவுக்கும் நிகழ்வு மீண்டும் எழும். ஒவ்வொரு குறிப்புக்கும் ‘எழுதப்பட்டதா’ என்று காட்டும் ஆம்–இல்லை மாறி ஒன்றை வைத்து, எழுதும் முன் அதைச் சரிபார்த்தால் இது நின்றுவிடும்.

கேள்வி: குறிப்புகளைத் தமிழில் வைத்து, நீளம் மிகும்போது பழையவற்றை வெட்டுகிறேன். வெட்டிய இடத்தில் எழுத்து சிதைகிறது.

பதில்: லூவா எழுத்துகளை எண்ணுவதில்லை, பைட்டுகளை எண்ணுகிறது. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட்டுகள். ‘கி’ என்பது மெய்யும் உயிர்க்குறியுமாக 6 பைட்டுகள். நடுவில் வெட்டினால் சிதையத்தான் செய்யும். ஆகவே வரிமுறிவு உள்ள இடத்தில் மட்டும் வெட்டுங்கள். அதைவிட, இடத்துக்கு ஒரு பக்கமாகப் பிரித்து வைப்பது நல்லது. ஒருவர் சேர்த்துவைத்த குறிப்பை அவரைக் கேட்காமல் அழிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

கேள்வி: ஆட்டக்காரரே எழுதுவதற்கு இடம் தர வேண்டுமா? தானாகப் பதிவாவது போதாதா?

பதில்: போதாது என்றே நினைக்கிறேன். 2000ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் அமெரிக்க அரசு பொதுமக்களின் ஜிபிஎஸ் துல்லியத்தைக் குறைத்துவந்த ஏற்பாட்டை நீக்கியது. மறுநாளே ஒரேகான் மாநிலத்தில் மறைத்துவைக்கப்பட்ட முதல் ஜியோகேச் (ஜிபிஎஸ் கொண்டு பிறர் தேடிக் கண்டுபிடிக்க மறைத்துவைக்கும் கலம்) வாளியில், எடுத்துச் செல்வதற்கான பொருள்களோடு ஒரு பதிவேடும் பென்சிலும் இருந்தன. வந்தவர் தம் கையால் எழுதுவது இவ்வகை ஆட்டத்தின் முதல் நாளிலிருந்தே உள்ள வழக்கம். மாறாக, 2016இல் வந்த, வெளியே நடந்து விளையாடும் கைபேசி ஆட்டமான போக்கிமான் கோவின் குறிப்பேடு, பிடித்தவற்றையும் பெற்றவற்றையும் நேரத்தோடு வரிசைப்படுத்தும் பட்டியல். கணக்குப் பார்க்க அது உதவும். ஆனால் அந்த இடத்தில் நின்றவரின் குரல் அதில் இல்லை. விஸ்கான்சின்–மேடிசன் பல்கலைக்கழகத்தில் உருவான ஏரிஸ் என்ற தளம், ஆட்டக்காரர் எழுத்தும் படமும் ஒலிப்பதிவும் சேர்க்கும் குறிப்பேட்டை ஆட்டத்தின் உறுப்பாகவே வைத்திருந்தது. நான் பின்பற்றச் சொல்வது அந்த வழியைத்தான்.

ஆனால் நின்றுகொண்டே தட்டச்சு செய்வது கடினம். எல்லா இடங்களிலும் எழுதச் சொன்னால் எவரும் எழுத மாட்டார்கள். ஆட்டம் முழுவதிலும் இரண்டு மூன்று இடங்களில் மட்டும், அங்கே நின்றால்தான் விடை சொல்ல முடியும் என்ற வகைக் கேள்வியைக் கேளுங்கள்: ‘இந்தச் சுவரில் உங்கள் கண் முதலில் எதில் நின்றது?’ விடையை அவர் எழுதிய சொற்களிலேயே பதியுங்கள், திருத்தாதீர்கள். எழுத விரும்பாதவர் தயக்கமின்றித் தாண்டிச் செல்லவும் வழி இருக்க வேண்டும்.

கேள்வி: பள்ளி மாணவர்களுக்காக இப்படி ஓர் ஆட்டம் அமைக்கிறோம். குறிப்பேட்டில் இடமும் நேரமும் பதிவாவது பாதுகாப்பானதா? (ஆசிரியை, மதுரை)

பதில்: குறிப்பேடு அந்தந்தக் கைபேசியிலேயே இருக்கும்வரை அச்சம் குறைவு, ஒரு சேவையகத்தில் சேரத் தொடங்கினால் நிலைமை வேறு. பெயர் நீக்கித் தொகுத்த தரவும்கூடக் காட்டிக்கொடுக்கும். பயனர்களின் ஓட்டப் பாதைகளைத் தொகுத்து ஸ்ட்ராவா நிறுவனம் வெளியிட்ட உடற்பயிற்சி வரைபடத்தில் ராணுவ முகாம்களின் இருப்பிடங்கள் தெரிந்தது 2018 ஜனவரியில் உலகெங்கும் பேசப்பட்டது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கோருகிறது.

ஆகவே ஆயத்தொலைவுகளை (அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை) பதியவே வேண்டாம். ‘கிணற்றடி’, ‘பழைய வாயில்’ என்று ஆட்டத்தில் நீங்கள் வைத்த இடப்பெயர் போதும். பதிந்துதான் ஆக வேண்டுமென்றால் மூன்று தசம இடங்களோடு நிறுத்துங்கள். அட்சரேகையில் அது ஏறத்தாழ 111 மீட்டர் அளவுக்கு இடத்தை மங்கலாக்கும். ஆட்டத்தின் முதல் இடத்தையும் கடைசி இடத்தையும் பள்ளி வாயிலாகவே அமையுங்கள், எந்தப் பிள்ளையின் வீடும் பதிவில் வராது. வகுப்பில் பகிர்வதற்கு முன், தம் குறிப்புகளில் எதை வைத்துக்கொள்வது, எதை நீக்குவது என்பதை மாணவர்களே முடிவுசெய்யும்படி ஒவ்வொரு பக்கத்திலும் நீக்கும் கட்டளை ஒன்றை வையுங்கள்.