எதில் 26 சதவீதம்? (கடிதம்)

வணக்கம் ஐயா,

அம்மாவுக்கு 52 வயது. மாதவிடாய் நின்று ஒன்றரை வருடம் ஆகிறது. ராத்திரியில் உடம்பு தகிக்கிறது, தூக்கமே இல்லை என்று டாக்டரிடம் போனார். ஹார்மோன் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். நான் தேடிப் பார்த்தேன். அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வில் இந்த மாத்திரையால் மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் கூடியதாம். நூறு பேரில் 26 பேர்! பயந்துபோய் மாத்திரையை எடுத்து ஒளித்துவைத்துவிட்டேன். இதே மாத்திரை இதயத்துக்கு நல்லது என்று அதற்கு முன்னால் சொல்லியிருக்கிறார்கள். இதெல்லாம் மருந்து கம்பெனிகளின் வேலையா? அம்மா மாத்திரையைச் சாப்பிடலாமா, வேண்டாமா?

செ.

அன்புள்ள செ.,

ஒளித்துவைத்தது தப்பு. அம்மா தன் உடம்புக்கு என்ன செய்கிறது என்பதைத் தானே போய்ச் சொல்லி மருந்து வாங்கி வந்திருக்கிறார். அதை அவருக்குத் தெரியாமல் எடுத்துவைக்க நீங்கள் யார்? பயத்தில் செய்தீர்கள், புரிகிறது. உங்கள் வயதில் ஒரு பையன் அம்மாவின் மாதவிடாயைப் பற்றி உட்கார்ந்து படித்திருக்கிறான் என்பதே எனக்கு நெகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் படித்தது போதவில்லை.

கம்பெனி விஷயத்தை விடுங்கள். அந்த ஆய்வை நடத்தியது அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்கள்.

‘நூறு பேரில் 26 பேர்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கை நடுங்கியது. அந்த ஆய்வில் இருந்த பெண்கள் 16,608 பேர். ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்ற இரண்டு ஹார்மோன்கள் சேர்ந்த மாத்திரை, மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. 2002 ஜூலையில் பாதியில் நிறுத்தினார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில், 10,000 பெண்களுக்கு ஒரு வருடத்தில் 30 பேர் என்ற கணக்கில் மார்பகப் புற்றுநோய் வந்தது. மருந்து சாப்பிட்டவர்களில் அதே கணக்கில் 38 பேருக்கு. முப்பதுக்கு மேல் எட்டு கூடியிருக்கிறது, ஏறக்குறைய அதுதான் உங்கள் 26 சதவீதம்.

ஆயிரம் பேர் உட்காரும் பத்துக் கல்யாண மண்டபங்களை நினைத்துக்கொள்ளுங்கள். பத்திலும் பெண்கள் நிறைந்திருக்கிறார்கள். மாத்திரை இல்லாமலே அந்த வருடம் 30 பேருக்கு நோய் வரும். மாத்திரை சாப்பிட்டால் இன்னும் எட்டுப் பேர். ஐந்து வருடம் சாப்பிட்டால் ஏறக்குறைய நாற்பது பேர், அதாவது ஒரு மண்டபத்துக்கு நான்கு பேர். அந்த நான்கு பேரும் யாரோ ஒருவருக்கு அம்மாதான், சின்ன விஷயம் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் நீங்கள் பயந்தது மண்டபத்துக்கு 260 பேர் என்று.

சதவீதத்தைப் பார்த்தால் எதில் சதவீதம் என்று கேளுங்கள். இதைக் கேட்காமல் ஒரு நாடே பயந்ததுண்டு. 1995 அக்டோபரில் பிரிட்டனில் சில புதுவகைக் கருத்தடை மாத்திரைகளால் ரத்தம் உறையும் ஆபத்து இரட்டிப்பாகிறது என்று எச்சரிக்கை வந்தது. ஏழாயிரம் பேரில் ஒருவருக்கு வருவது இரண்டு பேருக்கு வரும், அவ்வளவுதான். ‘இரட்டிப்பு’ என்ற சொல் மட்டும் வீடு வீடாகப் போனது. பெண்கள் மாத்திரையை விட்டார்கள். மறுவருடம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்தன. கருவுற்றால் ரத்தம் உறையும் ஆபத்து அந்த மாத்திரையால் வருவதைவிட அதிகம்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் என் அக்கா. 2002இல் அந்தச் செய்தி பேப்பரில் வந்தபோது அதைக் கத்தரித்து அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். அவளும் அதே மாதிரி மாத்திரைதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். துண்டுக் காகிதத்தில் 26 என்ற எண்ணுக்கு அடியில் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. படித்த தம்பி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அன்றைக்கே நிறுத்திவிட்டாள். அதன்பின் மூன்று வருடம், ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து நனைந்துபோன ஜாக்கெட்டை மாற்றிக்கொண்டு, ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டு வாசல்படியில் உட்கார்ந்திருப்பாள். ஊருக்குப் போகும்போதெல்லாம் பார்ப்பேன். “புழுக்கமா இருக்குடா, நீ போய்ப் படு” என்பாள்.

நாலாவது வருடம் துவைக்கிற கல் பக்கத்தில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்தது. அதே ஆய்வில் மருந்து சாப்பிட்டவர்களுக்கு எலும்பு முறிவு குறைவாக இருந்தது. அந்தச் செய்தித் துண்டிலேயே கடைசி வரியில் அது இருந்திருக்கிறது, நான் கோடு போடவில்லை. மாத்திரையை நிறுத்தியதால்தான் அவள் கை உடைந்தது என்று எத்தனையோ நாள் நினைத்து அழுதிருக்கிறேன். ஆனால் அப்படிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. பாசி பிடித்த கல்லில் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் வழுக்கி விழுவார்கள். ஆயிரக்கணக்கானவர்களை எண்ணித் தெரிந்துகொண்டதை வைத்து ஒருத்தியின் கை ஏன் உடைந்தது என்று சொல்லிவிட முடியாது. அவள் மூன்று வருடம் தூங்காமல் இருந்ததற்கு மட்டும் நான் காரணம்.

இதயம் பற்றிக் கேட்டீர்கள். முந்தைய ஆய்வுகளில் பெண்கள் தாங்களாகவே விரும்பி மாத்திரை சாப்பிட்டார்கள். அடிக்கடி டாக்டரைப் பார்க்க வசதி உள்ளவர்கள், உடம்பைப் பேணுகிறவர்கள் அவர்களில் அதிகம். இதயம் நன்றாக இருந்தது மாத்திரையாலா, அந்த வாழ்க்கையாலா என்று எப்படிப் பிரிப்பது? பின்னால் வந்த இந்த அமெரிக்க ஆய்வில் யாருக்கு எந்த மாத்திரை என்பதைச் சீட்டுக் குலுக்குவதுபோல் முடிவு செய்தார்கள். இதயத்துக்கான அந்தப் பாதுகாப்பு அதில் தென்படவில்லை. இன்னொன்று, அதில் சேர்ந்த பெண்களின் சராசரி வயது 63. மாதவிடாய் நின்று பல வருடம் ஆனவர்களே அதிகம். உங்கள் அம்மாவுக்கு 52.

சாப்பிடலாமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். கர்ப்பப்பை எடுத்தாயிற்றா, குடும்பத்தில் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் உண்டா, ரத்த அழுத்தம் எவ்வளவு, எல்லாம் அவருக்குத் தெரிய வேண்டும். மாத்திரையை இன்றைக்கே எடுத்து அம்மா கையில் கொடுத்து, ஒளித்துவைத்ததையும் சொல்லிவிடுங்கள். 30, 38 என்ற இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், எதற்கும் அடிக்கோடு போடாமல். டாக்டரிடம் அவரே போய்ப் பேசட்டும். நீங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருங்கள்.