காதுக்குப் பின்னால் உண்ணி கடித்தால்...

கேள்வி: கூடலூர் பக்கம் எஸ்டேட் லயத்தில் இருக்கிறோம். ஏழு வயது மகனுக்குக் காதுக்குப் பின்னால் உண்ணி கடித்திருந்தது. மாமியார் மண்ணெண்ணெய் தடவி எடுத்துவிட்டார். மூன்று நாளாகிறது. காய்ச்சல் இல்லை, கடித்த இடம் மட்டும் சிவந்திருக்கிறது. வீட்டில் நாய் உண்டு. குரங்குக் காய்ச்சல் வருமா? ஊசி போட வேண்டுமா?

பதில்: கடித்ததற்காக மட்டும் ஊசியோ ஆன்டிபயாடிக்கோ தேவையில்லை. கடித்த இடம் சில நாள் சிவந்து அரிப்பது சகஜம். சோப்புப் போட்டுக் கழுவுங்கள், சொறிய விடாதீர்கள்.

குரங்குக் காய்ச்சல் பயம் உங்கள் பகுதியில் நியாயமானதுதான். 1957-ல் கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் கண்டறியப்பட்ட வைரஸ் நோய் அது. பின்னர் பந்திப்பூர், வயநாடு வரை வந்துவிட்டது. ஆனால் அதைப் பரப்புவது முக்கியமாகக் காட்டு உண்ணி. வீட்டு நாயின் காதில் கொத்தாகத் தொங்குவது பெரும்பாலும் வேறு இனம். அதனால் பையன் காட்டோரம் சருகில் விளையாடினானா, நாய் காட்டுக்குள் போய் வருகிறதா, அக்கம்பக்கத்தில் குரங்கு செத்துக் கிடந்ததா என்று யோசித்துப் பாருங்கள். டிசம்பர் முதல் மே வரை கூடுதல் கவனம் வேண்டும். செத்த குரங்கைத் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

நாய் உண்ணியாலும் டைபஸ் வகைக் காய்ச்சல் வரலாம். காய்ச்சல், தலைவலியோடு உள்ளங்கை, உள்ளங்காலிலும் சிவப்புப் புள்ளிகள் தெரியும். டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் நன்றாகக் கேட்கும், ஆனால் சீக்கிரம் தொடங்க வேண்டும். ஆகவே இரண்டு வாரம் கவனியுங்கள். காய்ச்சல், கடும் உடம்பு வலி, வாந்தி, ஈறில் ரத்தம் என்று எது வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உண்ணி கடித்ததை நீங்களே முதலில் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் டெங்கு என்றே எல்லோரும் நினைப்போம். அதுவரை பாராசிட்டமால் மட்டும் போதும். மெடிக்கல் ஷாப்பில் வேறு வலி மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள்.

சரி, மண்ணெண்ணெய்க்கு வருவோம். அட்டைக்கு உப்பும் புகையிலையும் வைத்துப் பழகிய ஊர், மாமியாரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் உப்புப் பட்டதும் அட்டை விட்டு விழும், உண்ணி அப்படியல்ல. முள் முள்ளான வாயைத் தோலுக்குள் இறக்கிப் பசை போட்டு ஒட்டிக்கொள்கிறது. மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, நெருப்பு என்று சீண்டினால் வயிற்றில் இருப்பதை உள்ளேயே கக்கிவிடலாம். அடுத்த முறை கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டி, தலைப் பக்கமாகப் பிடித்து, திருகாமல் நிதானமாக நேராக இழுங்கள். வாய்த்துணுக்கு மாட்டிக்கொண்டால் ஊசியால் நோண்டாதீர்கள், தானே வெளியே வந்துவிடும். பிடுங்கியதை நகத்தில் நசுக்க வேண்டாம், செலோடேப்பில் ஒட்டிக் குப்பையில் போடுங்கள்.

தோட்டத்துக்கோ விறகுக்கோ போகிறவர்கள் அட்டைக்குச் செய்வது போலவே பேன்ட்டைச் சாக்ஸுக்குள் விட்டுக்கொள்ளலாம். வெளிர் நிறத் துணியில் உண்ணி ஊர்வது தெரியும். திரும்பியதும் குளிப்பதும், காது மடல், அக்குள், தொப்புள், தொடை இடுக்கு, முழங்கால் மடிப்பு எல்லாம் பார்ப்பதும் முக்கியம். இளம் உண்ணி கடுகைவிடச் சின்னது, கண்ணுக்குத் தப்பிவிடும்.

அப்புறம், நாய். குளிப்பாட்டினால் மட்டும் தீராது. ரத்தம் குடித்த பெண் உண்ணி கீழே இறங்கி, சுவர் விரிசலிலும் சாக்கு மடிப்பிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய் படுக்கும் சாக்கை எரித்துவிட்டு, விரிசலைப் பூசுங்கள். கால்நடை மருத்துவரிடம் உண்ணிக்கு மாத்திரையோ சொட்டு மருந்தோ கேளுங்கள். வீட்டில் பூனை இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். நாய்க்கு ஊற்றும் சில சொட்டு மருந்துகள் பூனைக்கு விஷம்.