காமா கதிர் வெடிப்பின் பின்னொளிர்வைச் சிறிய தொலைநோக்கியால் பதிவுசெய்ய முடியுமா?

காமா கதிர் வெடிப்புகள் சில நொடிகளிலேயே முடிந்துவிடுகின்றன என்றால் தொலைநோக்கிகள் பிறகு எதைத்தான் பார்க்கின்றன என்றும், முப்பது நாற்பது சென்டிமீட்டர் ஆடி கொண்ட தொலைநோக்கியை வைத்திருப்பவர் இதில் ஏதேனும் செய்ய முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். நாற்பது சென்டிமீட்டர் ஆடி கொண்ட ஒரு தொலைநோக்கியில் நானும் இரண்டு நண்பர்களும் சில ஆண்டுகளாக இதைச் செய்து வருகிறோம். பின்னொளிர்வு பதிவான இரவுகளைவிட எதுவும் தென்படாத இரவுகளே எங்கள் குறிப்பேட்டில் அதிகம். அவற்றையும் மனத்தில் வைத்தே இந்தப் பதிலை எழுதுகிறேன். எத்தனையாவது நிமிடத்தில், எந்த ஒளிப்பொலிவெண் (விண்பொருளின் பொலிவைக் குறிக்கும் எண்; எண் கூடக் கூடப் பொருள் மங்கல்) வரைக்கும் தேடினோம் என்று சரியாகக் குறித்துவைத்தால், எதுவும் தென்படாத இரவும் ஓர் அளவீடுதான்.

முதலில், எதைப் பார்க்கிறோம் என்பது. வெடிப்பிலிருந்து வரும் காமா கதிர்கள் நம் வளிமண்டலத்தைக் கடந்து தரைக்கு வருவதில்லை. அவற்றைச் செயற்கைக்கோள்களே பதிவுசெய்கின்றன. பெருநிறை விண்மீன் ஒன்றின் கரு இடிந்து விழும்போதோ, இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் ஒன்றோடொன்று மோதி இணையும்போதோ, ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் ஒரு குறுகிய தாரை வெளியே பாய்கிறது. அந்தத் தாரை சுற்றியுள்ள வாயுவில் மோதி அதிர்வலையை எழுப்புகிறது. அதில் முடுக்கப்பட்ட எலெக்ட்ரான்கள் காந்தப் புலத்தில் சுழன்று சிங்க்ரோட்ரான் கதிர்வீச்சை வெளியிடுகின்றன. இதுவே பின்னொளிர்வு. தாரையின் வேகம் குறையக் குறைய இந்த ஒளியின் உச்சம் எக்ஸ் கதிரிலிருந்து பார்வை ஒளிக்கும், பின்னர் ரேடியோ அலைகளுக்கும் இறங்கிவருகிறது. அதனால்தான் வெடிப்பு நடந்து சில வாரங்கள் கழித்துக்கூட ரேடியோ தொலைநோக்கிகளுக்கு அங்கே வேலை இருக்கிறது.

பின்னொளிர்வு மங்கும் விதத்தைப் புரிந்துகொண்டால் மற்ற அனைத்தும் விளங்கிவிடும். பல பின்னொளிர்வுகளின் ஒளி, தோராயமாகக் கடந்த நேரத்துக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. நேரம் பத்து மடங்கானால் ஒளி பத்தில் ஒரு பங்காகிறது, அதாவது 2.5 ஒளிப்பொலிவெண் மங்குகிறது. முதல் நிமிடத்தின் முடிவில் 13 ஆக இருக்கும் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தாவது நிமிடத்தில் அது 15.5, நூறாவது நிமிடத்தில் 18, ஆயிரமாவது நிமிடத்தில், அதாவது ஏறத்தாழ பதினேழு மணி நேரம் கழித்து, 20.5, ஒரு வாரத்தில் 23. எங்கள் தொலைநோக்கி நல்ல இரவில் பல படங்களைக் கூட்டிச் சேர்த்து எட்டும் எல்லை 19ஐ ஒட்டியது. ஆகவே முதல் மூன்று நான்கு மணி நேரம்தான் எங்களுக்கு உரியது; அதற்குப் பிறகு அந்தப் பொருள் பெரிய ஆடிகளுக்குப் போய்விடுகிறது. பத்தாவது நிமிடத்தில் தயாராக இருக்கும் சிறிய தொலைநோக்கி, மறுநாள் திரும்பும் நான்கு மீட்டர் தொலைநோக்கிக்குக் கிடைக்காத ஒன்றைப் பதிவுசெய்துவிடுகிறது. இந்தத் துறையில் ஆடியின் விட்டத்தைவிடக் கடிகாரமே முதன்மையானது என்பது என் உறுதியான கருத்து.

பல ஆண்டுகள் யாராலும் அந்தக் கடிகாரத்தை எட்ட முடியவில்லை. அணு ஆயுதச் சோதனைகளைக் கண்காணிக்க அமெரிக்கா ஏவிய வேலா செயற்கைக்கோள்கள் 1967 ஜூலை 2 அன்று முதல் வெடிப்பைப் பதிவுசெய்தன. செய்தி 1973இல்தான் ஆய்விதழில் வெளியானது. 1991இல் ஏவப்பட்ட காம்ப்டன் ஆய்வகத்தின் பேட்சே கருவி, ஒன்பது ஆண்டுகளில் 2704 வெடிப்புகளைக் கண்டு, அவை வானம் முழுவதும் சீராகப் பரவியிருப்பதைக் காட்டியது. இருந்தும் தொலைவு தெரியவில்லை. காமா கதிர்களைச் சாதாரண ஆடியால் குவிக்க முடியாததால், வெடிப்பின் இடம் சில பாகை அகலத்துக்குத்தான் தெரிந்தது. அவ்வளவு பரப்பில் மங்கிக்கொண்டிருக்கும் ஒரு புள்ளியைத் தேடுவது எளிதன்று.

1997 பிப்ரவரி 28 அன்று இத்தாலிய, டச்சு செயற்கைக்கோளான பெப்போசாக்ஸ் ஒரு வெடிப்பைக் கண்டது. எட்டு மணி நேரத்தில் அதே இடத்துக்குத் திரும்பி, மங்கும் எக்ஸ் கதிர் மூலத்தையும் காட்டியது. ஏறத்தாழ 21 மணி நேரம் கழித்து, லா பால்மா தீவிலுள்ள 4.2 மீட்டர் வில்லியம் ஹெர்ஷல் தொலைநோக்கியில் அந்தப் பகுதி படமெடுக்கப்பட்டது. மார்ச் 8 அன்று எடுத்த படத்தை முதல் படத்தோடு ஒப்பிட்டபோது, ஒரு புள்ளி மறைந்திருந்தது. மே மாதம் நிகழ்ந்த ஜிஆர்பி 970508இன் (ஜிஆர்பி என்பது காமா கதிர் வெடிப்பின் ஆங்கிலச் சுருக்கம்; எண் வெடிப்பு நிகழ்ந்த ஆண்டு, மாதம், நாள்) பின்னொளிர்வை ஹவாயிலுள்ள கெக் தொலைநோக்கி நிறமாலையாகப் பிரித்ததில், செம்பெயர்ச்சி (அண்டம் விரிவதால் ஒளியின் அலைநீளம் கூடும் அளவு; தொலைவு கூடக் கூட இதுவும் கூடும்) குறைந்தது 0.835 என்று தெரிந்தது. வெடிப்புகள் நம் பால்வழிக்கு அருகில் நிகழ்பவையா, அண்டத்தின் தொலைவில் நிகழ்பவையா என்ற நீண்ட விவாதம் அந்த ஒரு நிறமாலையோடு முடிந்தது. (அந்தப் பின்னொளிர்வு முதல் இரண்டு நாள் கூடிவிட்டுப் பிறகே குறைந்தது, ஒளி நேரத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்று நான் மேலே எழுதிய விதி தோராயமானது என்பதற்கு அதுவே சான்று.)

பெரிய தொலைநோக்கிகளே எல்லாவற்றையும் செய்துவிட்டன என்று எண்ணிவிடாதீர்கள். 1999 ஜனவரி 23 அன்று, ரோட்சே என்னும் தானியங்கி அமைப்பு, புகைப்படக் கேமரா வில்லைகள் நான்கைப் பொருத்திய ஒரு கருவியால், வெடிப்பு தொடங்கிய 22 நொடிகளில் படமெடுக்கத் தொடங்கியது. வெடிப்பு இன்னும் முடிந்திருக்கவில்லை. சில நொடிகளில் அந்தப் புள்ளி 9ஆம் ஒளிப்பொலிவெண்ணை எட்டியது; இருகண்ணோக்கி போதும் அதைப் பார்ப்பதற்கு. அதன் செம்பெயர்ச்சி 1.6. அண்டம் விரிவதன் காரணமாக அங்கே நடப்பது நமக்கு 2.6 மடங்கு நீண்டு தெரிகிறது என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும்: நம் 22 நொடி, வெடித்த இடத்தில் எட்டரை நொடிதான்.

2008 மார்ச் 19 அன்று நிகழ்ந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை. ஜிஆர்பி 080319பி சில பத்து நொடிகளுக்கு 5.3ஆம் ஒளிப்பொலிவெண்ணை எட்டியது. இருண்ட வானத்தின் கீழ் நின்று சரியான திசையைப் பார்த்திருந்த எவரும், 750 கோடி ஆண்டுகள் பயணம் செய்த ஒளியை வெறும் கண்ணால் கண்டிருக்கலாம். அரை மணி நேரத்துக்கு முன் வேறொரு வெடிப்பு அதே வானப்பகுதிக்கு அருகில் நிகழ்ந்திருந்ததால், பல அகலப்பார்வைக் கேமராக்கள் ஏற்கெனவே அந்தப் பக்கம் திரும்பியிருந்தன. அப்படித்தான் வெடிப்புக்கு முந்தைய வானமும் வெடிப்பின் முதல் நொடிகளும் ஒரே தொடரில் பதிவாயின.

இன்று நாங்கள் பெரிதும் சார்ந்திருப்பது 2004 நவம்பரில் ஏவப்பட்ட ஸ்விஃப்ட் செயற்கைக்கோளை. அதன் காமா கதிர்க் கருவி சில வில்நிமிடத் (வில்நிமிடம் என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு) துல்லியத்தில் இடத்தைக் கணித்து நொடிகளில் தரைக்கு அனுப்புகிறது. பிறகு செயற்கைக்கோளே ஒன்றிரண்டு நிமிடங்களுக்குள் அந்தப் பக்கம் திரும்பி, எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியாலும், 30 சென்டிமீட்டர் புறஊதாத் தொலைநோக்கியாலும் பார்க்கிறது. எக்ஸ் கதிரில் இடம் சில வில்நொடிக்கு (வில்நிமிடத்தில் அறுபதில் ஒரு பங்கு) சுருங்கிவிடுகிறது. 2008இல் ஏவப்பட்ட ஃபெர்மி மிகுதியான வெடிப்புகளைக் காண்கிறது. ஆனால் அது தரும் இடம் பெரும்பாலும் பல பாகை அகலமானது. புதிதாகத் தொடங்குபவர் ஃபெர்மி அறிவிப்புகளைத் துரத்த வேண்டாம் என்றே சொல்வேன். 2024 ஜூனில் சீனாவும் பிரான்சும் ஏவிய ஸ்வோம், துல்லியமான இடங்களைத் தரும் இன்னொரு மூலம்.

அறிவிப்பு வந்ததும் செய்யவேண்டியவை சொல்லுக்கு எளியவை, இரவில் கடினமானவை. ஒரே நீண்ட படத்துக்குப் பதிலாக, முப்பது அல்லது அறுபது நொடிப் படங்களாகத் தொடர்ந்து எடுங்கள். பொருள் பிரகாசமாக இருந்தால் ஒவ்வொரு படமும் தனி அளவீடாகும், மங்கலாக இருந்தால் அவற்றைக் கூட்டிக்கொள்ளலாம். நீண்ட படமாக எடுத்துவிட்டால் அதைப் பின்னால் பிரிக்க வழியில்லை. கணினியின் கடிகாரத்தை இணையத்தோடு ஒத்திசைத்து வையுங்கள். தொடக்க காலத்தில் எங்கள் கடிகாரம் நாற்பது நொடி பிந்தியிருந்ததை நாங்கள் கவனிக்காமல், நல்ல ஒரு தொடரை முழுவதும் திருத்த வேண்டியதாயிற்று. ஆயிரமாவது நிமிடத்தில் நாற்பது நொடி பொருட்டில்லை, இரண்டாவது நிமிடத்தில் அது முடிவையே மாற்றிவிடும்.

பிறகு, பழைய வான அளவைப் படங்களோடு ஒப்பிட வேண்டும். புதிய புள்ளி ஒன்று தெரிந்தவுடன் மகிழ்ந்துவிடக் கூடாது. சிறுகோளாக இருக்கலாம், திடீரெனச் சுடர்விடும் சிவப்புக் குறுவிண்மீனாக இருக்கலாம், கேமராவின் பழுதுப் புள்ளியாகவும் இருக்கலாம். அரை மணி நேரம் கழித்து அதே இடத்தில், விதிக்கேற்ப மங்கியிருந்தால் மட்டுமே அதைப் பின்னொளிர்வு என்று சொல்லத் துணிவு வரும். அருகிலுள்ள, ஒளி நன்கறியப்பட்ட விண்மீன்களோடு ஒப்பிட்டு அளந்து, படத் தொடரின் நடு நேரத்தை உலக நேரத்தில் குறித்து, நிற வடிகட்டியின் பெயரோடு, வெடிப்புச் செய்திகளை ஆய்வாளர்களிடையே பகிரும் ஜிசிஎன் வலையமைப்பின் சுற்றறிக்கையாக அனுப்புகிறோம். தென்னாப்பிரிக்க ஆர்வலர் பெர்டோ மோனார்ட், ஜிஆர்பி 030725இன் பின்னொளிர்வைக் கண்டுபிடித்து 2003இலேயே இது தனிமனிதருக்கு எட்டக்கூடியது என்று காட்டினார்.

எதுவும் தென்படாததற்கு நம் குறை மட்டுமே காரணமாகாது. எக்ஸ் கதிரில் தெளிவாகத் தெரியும் வெடிப்புகள் பல, பார்வை ஒளியில் தென்படுவதே இல்லை. அவற்றின் விண்மீன் மண்டலத்துத் தூசு மறைத்திருக்கலாம்; அல்லது அவை மிகத் தொலைவில் இருக்கலாம். ஜிஆர்பி 090423இன் செம்பெயர்ச்சி 8.2. அவ்வளவு தொலைவில், இடைப்பட்ட ஹைட்ரஜன் விழுங்கும் எல்லை அகச்சிவப்பு வரை நீண்டுவிடுவதால், எந்தப் பார்வை ஒளித் தொலைநோக்கிக்கும் அங்கே இருட்டுதான்; ஹவாயின் யூகர்ட் அகச்சிவப்புத் தொலைநோக்கியே அதைக் கண்டது. "20ஆவது நிமிடத்தில் 18.5 வரை எதுவும் இல்லை" என்ற வரி, அப்படிப்பட்ட பொருளை நோக்கி அகச்சிவப்புக் கருவிகளைத் திருப்புவதற்கு ஒரு காரணமாகக்கூடும்.

இரண்டாம் நாளுக்குப் பிறகு வரும் அளவீடுகள் வேறு செய்தியைத் தருகின்றன. தாரை மிக வேகமாகச் செல்லும்போது அதன் ஒளி முன்னோக்கிக் குவிந்திருப்பதால், தாரையின் நடுவில் ஒரு சிறு பகுதி மட்டுமே நமக்குத் தெரிகிறது. வேகம் குறைந்து, அந்தக் குவிவு தாரையின் அகலத்தை எட்டும்போது, ஒளி எல்லா நிறங்களிலும் ஒரே நேரத்தில் செங்குத்தாகச் சரியத் தொடங்குகிறது. அந்த முறிவு வந்த நேரத்திலிருந்து தாரையின் கோணத்தையும், வெடிப்பின் உண்மையான ஆற்றலையும் கணிக்கிறார்கள். அருகிலுள்ள நீண்ட வெடிப்புகளில் (இரண்டு நொடிக்கு மேல் நீள்பவை), சரியும் கோட்டின் மேல் சில நாள்களில் சூப்பர்நோவாவின் ஒளியும் எழுகிறது. ஜிஆர்பி 030329இன் நிறமாலையில் அது ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தது. 2017 ஆகஸ்ட் 17 அன்று ஈர்ப்பலைகளோடு வந்த குறுகிய வெடிப்பின் தாரை நம்மை நேராக நோக்கவில்லை. அதனால் அதன் பின்னொளிர்வு எக்ஸ் கதிரில் ஒன்பதாம் நாள்தான் தென்பட்டு, ஏறத்தாழ ஐந்து மாதங்கள் கூடிக்கொண்டே போனது.

நாங்கள் பதிவுசெய்தவற்றில் எனக்கு மிக நெருக்கமானது 2022 அக்டோபர் 9 இரவு. ஃபெர்மி உலக நேரம் 13:17க்கே வெடிப்பைக் கண்டிருந்தது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்து ஸ்விஃப்ட் அதைக் கண்டபோது, பால்வழியின் தளத்துக்கு அருகில் இருந்ததால், நம் மண்டலத்திலேயே உள்ள ஏதோ ஒரு மூலம் என்றுதான் முதலில் கருதப்பட்டது. ஜிஆர்பி 221009ஏ என்று தெளிவான செய்தி வந்தபோது முழுநிலவு எழுந்திருந்தது. வெடிப்பின் திசையிலிருந்த சாகிட்டா விண்மீன் குழு மேற்கே சாய்ந்துகொண்டிருந்தது. பால்வழித் தூசு பார்வை ஒளியில் ஏறத்தாழ நான்கு ஒளிப்பொலிவெண் அளவுக்கு அதை மறைப்பதால், வடிகட்டியைச் சிவப்புக்கு மாற்றி, அறுபது நொடிப் படங்களாக எடுத்தோம். தனிப்படத்தில் அது ஐயத்துக்குரிய ஒரு கறை. இருபது படங்களைக் கூட்டியபோது, பழைய படத்தில் வெற்றிடமாக இருந்த இடத்தில் ஒரு விண்மீன் நின்றது.

190 கோடி ஆண்டுகள் பயணம் செய்து வந்த ஒளி அது. பின்னர் சீனாவின் லாசோ ஆய்வகம், அதே வெடிப்பிலிருந்து அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மிகு ஆற்றல் ஃபோட்டான்களைப் பதிவுசெய்ததாக அறிவித்தது. எக்ஸ் கதிர்ப் படங்களில், இடையிலுள்ள தூசுப் படலங்கள் சிதறடித்த ஒளி வளையங்களாக விரிந்தது. எங்கள் பங்கு, அடிவானத்தைத் தொடும் வரை எடுத்த நான்கு கூட்டுப் படங்களும் அவற்றின் நான்கு அளவீடுகளும். மறுநாள் இரவும் அதே இடத்தில் இரண்டு மணி நேரம் எடுத்தோம்; புள்ளி எங்கள் எல்லைக்குக் கீழே போயிருந்தது. அந்த எல்லையை எண்ணாகக் குறித்து, நடு நேரத்தோடு அதையும் அனுப்பிவைத்தோம்.